நிழல்பக்கத்துப் பழம்

அந்த மலையில் அவளை எல்லோரும் ‘விசாரணை’ என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. ஜீப்பில் அவள் ஏறினால் போதும், முன் சீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு “விசாரணை வந்தாச்சு” என்பார்கள். உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிடுவாள். டயர் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது? பக்கத்தில் இருப்பவர் கையிலுள்ள மாத்திரை எதற்கு? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் ஏன் முன்பு? அந்த ஜீப்பை ஓட்டுபவர் அவள் கணவர்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக அவர் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலை வைத்துக் காலத்தை ஓட்டிவந்தார்: “தெரியாதும்மா.”

ஜீப் போக அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம். மலையின் மேல் விளிம்பில், சரிவைப் படிப்படியாக வெட்டிய நிலம். அதற்கு மேலே பாறையும் காற்றும்தான். தோட்டத்தை முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாள். கிளை கழிக்கும் கவாத்து, களை, உரம், பறிப்பு எல்லாம் அவள் கை. சிவந்த பழத்தைக் கூடை கூடையாகப் பறித்து, ஜீப்பில் போட்டு, பாதி மலையில் இருக்கும் கூட்டுறவுக் கொட்டகையில் நிறுத்துப் போடுவாள். அங்கே ஊர்ப் பழமெல்லாம் ஒரே தொட்டிக்குள் விழும். யாருடையது எது என்று பிறகு பழத்துக்கே தெரியாது.

கொட்டகையில் தராசைப் பார்த்துக்கொள்பவரிடம் அவள் வருடம் தவறாமல் கேட்பாள்.

“அண்ணே, இது இங்கேருந்து எங்க போகுது?”

“கீழ போகுது.”

“கீழன்னா?”

“கீழன்னா கீழதாம்மா. லாரி வருது, ஏத்துறோம், போகுது. அதுக்கப்புறம் அது கூடவே நானும் போகவா முடியும்?”

இன்னொரு விஷயமும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் காபி விளைவித்தும், தன் தோட்டத்துக் காபியை ஒரு வாய் குடித்ததில்லை. வீட்டில் குடிப்பது கடைவீதியில் வாங்கும் பாக்கெட் தூள், பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்டு. மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதான வருடம் கொட்டகையில் ஒரு புது ஏற்பாடு வந்தது. பறிப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சொன்னார்கள்: விருப்பமுள்ளவர்கள் கொஞ்சம் பழத்தை வீட்டிலேயே தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, ஒரு சின்னப் பை தனியாகக் கொண்டுவரலாம், ருசி பார்ப்பதற்கு நகரத்திலிருந்து ஆள் வருகிறது. பதினோரு பேர் கொண்டுவந்தார்கள். கொட்டைகளைப் பிறகு லேசாக வறுத்து, பொடித்து, வரிசையாகக் கண்ணாடி டம்ளர்களில் போட்டார்கள்.

வந்த ஆள் முப்பது வயதுப் பெண். குட்டை முடி, பாக்கெட்டில் ஒரு குழிக் கரண்டி. டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் நின்றாள். பிறகு கரண்டியால் மேலே படிந்த பொடியை விலக்கி மூக்கை டம்ளருக்குள் விடாத குறையாக முகர்ந்தாள். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து ‘சுர்ர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் புரட்டி, வாளியில் துப்பினாள். கதவோரம் கூடியிருந்த கூட்டத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என் பேரன் இப்படிக் குடிச்சா முதுகுல ரெண்டு வைப்பேன்” என்றார் ஒருவர்.

ஏழாவது டம்ளரில் அந்தப் பெண் நின்றுவிட்டாள். எட்டுக்குப் போனாள், திரும்ப ஏழுக்கு வந்தாள். பதினொன்று வரை போனாள், மறுபடி ஏழுக்கு வந்தாள்.

“இது யாரோடது?”

தராசுக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். “நம்ம விசாரணையோடது.”

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேஜைக்கு வந்தாள். “நானும் குடிச்சுப் பாக்கலாமா?” என்றுதான் முதலில் கேட்டாள். ருசிக்காரி கரண்டியைக் கழுவிக் கொடுத்தாள். விசாரணை வாங்கி உறிஞ்சினாள், முகம் சுளித்தது.

“புளிக்குதே!”

“அந்தப் புளிப்புதாங்க விஷயம். கசப்பைத் தேடாதீங்க. ஆரஞ்சுத் தோலைக் கையில பிதுக்கினா ஒரு வாசனை வருமே, அது வருதா பாருங்க.”

மறுபடி உறிஞ்சினாள். வந்தது. எங்கிருந்தோ, தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவிலிருந்து வந்தது. பக்கத்து டம்ளரை உறிஞ்சினாள்; அதில் இல்லை. காபிக்குள் ஆரஞ்சு எப்படி வந்தது? அவள் தோட்டத்தில் ஆரஞ்சு மரமே கிடையாது.

“என்ன செஞ்சீங்க இதுக்கு?” என்று ருசிக்காரி கேட்டாள்.

“ஒண்ணும் செய்யலையே. எல்லாரும் செய்யறதுதான்.”

“உயரமா இருக்கலாம். குளிர்ல பழம் மெதுவாப் பழுக்கும், கொட்டை இறுகும். இல்ல, காயவச்ச விதமா இருக்கலாம். எனக்கும் சரியாத் தெரியலை. யாராவது கண்டுபிடிக்கணும்.”

யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற சொல்லை யார் காதில் போடக் கூடாதோ அவள் காதில் அந்தப் பெண் போட்டுவிட்டுப் போனாள்.

கொட்டகைச் சுவரில் ‘ஏழாம் எண், மிகச் சிறப்பு’ என்று ஒரு தாள் ஒட்டினார்கள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சுத் தோல் கதையைச் சொல்லி, அவர் குடித்தே பார்க்காத அந்த ருசிக்குத் தன் பங்குக்கு இன்னும் இரண்டு பழங்களைச் சேர்த்துக்கொண்டார். அவளோ அடுத்த வருடம் முழுக்க வேறு நினைப்பில்லாமல் இருந்தாள்.

கோடை மழை பெய்து ஒன்பதாம் நாள் காலையில் மலை முழுக்க ஒரே நேரத்தில் காபி பூத்தது. அன்றைக்கே அவள் பழைய துணிகளைக் கிழித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். கீழ்ப்படிக்கு மஞ்சள், நடுப்படிக்கு நீலம், மேல்படிக்குச் சிவப்பு என்று கிளைகளில் கட்டினாள். போவோர் வருவோர் “என்னம்மா, செடியில துணி காயப் போட்டிருக்க?” என்று கிண்டலடித்தார்கள். ஒரு பள்ளி நோட்டில் பூத்த நாளை எழுதி, பிஞ்சு, காய், முதல் சிவப்பு என்று நாள் எண்ணிக்கொண்டே வந்தாள். கீழ்ப்படிப் பழம் சிவக்க இருநூற்று முப்பத்தொரு நாள். மேல்படிக்கு இருநூற்று நாற்பத்தாறு. ஒரே தோட்டத்தில் பதினைந்து நாள் வித்தியாசம்! அதை அவள் கணவரிடம் சொன்னபோது அவர் டீசல் டப்பாவை மூடியபடி, “அதுக்கு நாம என்ன பண்ணணும்?” என்றார்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆச்சரியப்பட்டாப் போதும்.”

இரும்புச் சட்டியில் வறுத்தும் பார்த்தாள். முதல் நாள் புகை தாங்காமல் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆனால் கீழ்ப்படிக் கொட்டை சீக்கிரமே படபடவென்று வெடித்ததையும், மேல்படிக் கொட்டை பிடிவாதமாக இருந்து பிறகு வெடித்ததையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பறிப்பு முடிந்து, ருசிக்காரி மறுபடி வந்தாள். விசாரணை நான்கு பைகளோடு போனாள்: மூன்று படிக்கு மூன்று, எல்லாம் கலந்தது ஒன்று. நான்கு டம்ளர். ருசிக்காரி நிதானமாக உறிஞ்சினாள். இரண்டாவது தடவையும் உறிஞ்சினாள்.

“நல்லா இருக்குங்க. மேல்படி ரொம்பவே நல்லா இருக்கு. ஆனா…”

“அது இல்ல.”

“அது இல்லைங்க.”

அவளும் உறிஞ்சிப் பார்த்துவிட்டாள். அவளுக்கே தெரிந்தது. ஆரஞ்சும் இல்லை, தோலும் இல்லை.

ஜீப்புக்குக் காத்திராமல் நடந்தே ஏறினாள். வெயில் நல்ல உச்சி. காய வைத்ததில் தவறா? ஊறவைத்த தண்ணீரா? மழை கூடுதலா? யோசித்துக்கொண்டே தன் தோட்டத்தையும் தாண்டி மலையின் முகட்டுக்கு வந்துவிட்டபோது, மறுபக்கச் சரிவில் நாத்தனார் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

நாத்தனார் அவள் கணவரின் அக்கா, ஐம்பத்தைந்து வயது. கணவரை இழந்தவர். ஒரே மகள் நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். அப்பா சொத்தைப் பங்கு பிரித்தபோது வெயில்படும் சரிவு தம்பிக்கும், முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிழல்சரிவு அக்காவுக்கும் வந்தது. அங்கே சூரியன் எட்டிப் பார்க்கப் பத்து மணி ஆகும். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். மூடுபனி மட்டும் குடித்தனக்காரன் போலத் தங்கியிருக்கும். பழம் மெதுவாகச் சிவந்து முடிக்கும்போது கொட்டகையைச் சாத்திப் பூட்டியிருப்பார்கள். அதனால் வீட்டு வாசலுக்கு வரும் பிக்கப் வண்டி வியாபாரியிடம்தான் அவர் பழத்தைப் போடுவார். அவன் பத்து மலைப் பழத்தோடு அதையும் கொட்டிக்கொண்டு போவான். ‘பாவம், அக்காவுக்கு விழுந்த பங்கு அப்படி’ என்று குடும்பத்தில் எல்லோரும் மெல்லிய குரலில் பரிதாபப்படுவது வழக்கம்.

விசாரணை முகட்டில் நின்று பார்த்தாள். தன் தோட்டத்தில் பழம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இங்கே பாதிக் கிளை இன்னும் பச்சை.

‘அப்படியானால் போன வருடம் கடைசி வாரத்தில் நான் எதைப் பறித்தேன்?’

நினைவு வந்தது. போன வருடம் நாத்தனார் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். பழம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று அவள்தான் பத்து நாள் அந்தச் சரிவில் பறித்தாள். பிக்கப் வண்டிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகு அரைக்கூடை மிஞ்சியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் தோட்டத்தில் வழித்தெடுத்த கடைசிப் பழத்தோடு கொட்டி, மொத்தமாகத் தோலுரித்து… அதுதான் ஏழாம் நம்பர் பை. அவள் பழம் அதில் இரண்டு கைப்பிடி இருந்தால் அதிகம்.

அவளுக்கு ஒரு பக்கம், கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு பக்கம், கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்முன் வந்தது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. விசாரணை வாயைத் திறக்காத மூன்று நாள் என்றால் மலையில் யாரும் நம்ப மாட்டார்கள். ஜீப்பில் அவள் பேசாமல் வந்ததைப் பார்த்து ஒருவர் உடம்புக்கு என்ன என்று கேட்டேவிட்டார். மூன்றாம் நாள், கணவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். “ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!”

“நான் சொல்லச் சொன்னேனா?”

“சரி விடு. யாருக்குத் தெரியப்போகுது? அக்கா இத்தனை வருஷமா அந்த வண்டிக்காரனுக்குத்தானே போடறா. அவ பாட்டுக்கு அவ இருக்கா.”

“எனக்குத் தெரியுமேங்க. அதுவும் பாதிதான் தெரியும். அது அவங்க பழம்தானான்னு இன்னும் நிச்சயமாத் தெரியாது. தனியா வறுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு அவங்க பழம் வேணும். பழம் வேணும்னா எதுக்குன்னு சொல்லணும்.”

அவர் ஈரத் துணியைப் பிழிந்தபடி அவளைப் பார்த்தார். பெருமை போகிறதே என்பதைவிட, பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு இவளால் உயிரோடு இருக்க முடியாது என்பது அவருக்கு உறைத்தது. “போ, போய்ச் சொல்லிடு” என்றார்.

நாத்தனார் வீட்டுச் சமையலறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அவர் முட்டைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். விசாரணை கதவு நிலையிலேயே நின்றாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும்.”

“கேக்கணும்னு சொல்லுவ. சொல்லணும்கிறியே, அதிசயமா இருக்கு. உக்காரு.”

அவள் உட்காராமல் சொன்னாள். அரைக்கூடையில் ஆரம்பித்துத் தாள்வரை ஒன்றையும் விடவில்லை. நாத்தனார் வானொலியை அணைத்தார். கையிலிருந்த முட்டையையும் துணியையும் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப அந்த ஏழாம் நம்பர் என்னோடதா?”

“இருக்கும்னு நினைக்கிறேன் அண்ணி. நிச்சயம் பண்ணலை.”

நாத்தனாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து விசாரணை பதறி முன்னால் போனாள். அழுகையில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

“இருபது வருஷமா, அப்பா மிச்சம் மீதியை எனக்குத் தள்ளிவிட்டுட்டாருன்னு உள்ளுக்குள்ள குமுறிக்கிட்டு இருக்கேன். உன் வீட்டுக்காரன் என்னைப் பாக்குறப்பல்லாம் ஒரு பார்வை பாப்பானே, ‘ஐயோ பாவம் அக்கா’ன்னு. அவன்கிட்ட இதைச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“கழுவாத ஜீப் மாதிரி இருந்துச்சு அண்ணி.”

இந்த முறை இரண்டு பேருமே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நாத்தனார் முகம் இறுகியது. “ஒரு வருஷம் அதை உன் நம்பர்னு சுவத்துல ஒட்டி வச்சிருந்தாங்க. எனக்கு அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா நீயா வந்து சொன்ன. சரி, எத்தனை கூடை வேணும்?”

அடுத்த ஒரு மாதம் நிழல்சரிவுப் பழம் தனியாகத் தோலுரிக்கப்பட்டு, தனி வாளியில் ஊறி, தனி வலைக்கட்டிலில் காய்ந்தது. நாத்தனார் ஒரு கோழியைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. ருசிக்காரிக்குத் தொலைபேசியில் சொன்னதும், அடுத்த வண்டியில் வருகிறேன் என்றாள். இந்த முறை அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஐந்து டம்ளரையும் விசாரணையே இடம் மாற்றி மாற்றி வைத்தாள். கொட்டகையில் தராசுக்காரர், கணவர், நாத்தனார் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

ருசிக்காரி முதல் சுற்றிலேயே மூன்றாவது டம்ளரில் கரண்டியை வைத்தாள். “இதுதான். போன வருஷத்தை விடத் தெளிவா இருக்கு.”

அது நாத்தனாருடையது.

நாத்தனாரையும் குடிக்கச் சொன்னார்கள். அவர் கரண்டியை வாங்கி, யாருக்கும் காத்திராமல் ‘சுர்ர்’ என்று உறிஞ்சினார். “இதுக்கா இவ்வளவு அமர்க்களம்? எலுமிச்சம்பழம் விழுந்த சுடுதண்ணி மாதிரில்ல இருக்கு!” என்றார். ஆனால் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஓரமாக நின்று அதைக் காலி செய்துவிட்டார்.

ருசிக்காரி அன்றே நிழல்சரிவுக்கு ஏறினாள். கைப்பேசியில் உயரம் பார்த்தாள். தம்பி தோட்டத்தை விட முப்பது மீட்டர்தான் அதிகம். “இது போதாதே. வெறும் உயரம்னா இவ்வளவு வித்தியாசம் வராது” என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் விசாரணை தன் பள்ளி நோட்டை நீட்டினாள். மலை முழுக்கப் பூத்தது ஒரே நாள். அவள் கீழ்ப்படியில் இருநூற்று முப்பத்தொரு நாளில் சிவந்த பழம், இங்கே சிவக்க, நாத்தனார் பறிக்கத் தொடங்கிய நாளைக் கேட்டு எண்ணியதில், இருநூற்று எழுபத்திரண்டு நாள். நாற்பத்தொரு நாள் கூடுதலாக மரத்திலேயே இருந்திருக்கிறது.

ருசிக்காரி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “இதையெல்லாம் யார் எழுதி வைக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலையே.”

“எங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ரெண்டு பேர் இருக்காங்க. அவங்ககிட்டகூட இப்படி ஒரு நோட்டு இல்லைங்க.”

அடுத்த பறிப்பிலிருந்து கொட்டகையை ஆறு வாரம் தாமதமாக மூடினார்கள். நிழல்பக்கத்தில் நிலம் வைத்திருந்த இன்னும் ஏழு வீட்டார், இத்தனை நாள் பிக்கப் வண்டிக்குக் காத்திருந்தவர்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். சுவரில் தாளை மாற்றும்போது தராசுக்காரர் பழையதைக் கிழிக்கத் தயங்கினார்; விசாரணையே கிழித்துக் கொடுத்தாள். கிழிக்கும்போது கொஞ்சம் வலித்தது என்று கணவரிடம் மட்டும் சொன்னாள். ஆனால் ருசிக்காரி ஊருக்குப் போகுமுன் தன் குழிக் கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது பறிப்புக் காலத்தில் வாரம் இரண்டு நாள் கொட்டகையில் டம்ளர் வைத்து ருசி பார்ப்பது அவள்தான். யார் பழம் ஒரு நாள் கூடுதலாக ஊறியது, யார் ஈரத்தோடு மூட்டை கட்டினார்கள் என்பதெல்லாம் ஒரு கரண்டியில் சொல்லிவிடுகிறாள். மலையில் சிலருக்கு அவள் மேல் லேசான பயம்கூட வந்திருக்கிறது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் நாத்தனார் தோட்டத்தில் கவாத்துக்கு உதவப் போனவள், ஒரு கிளை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அண்ணி, உங்க கொழுந்து இலையெல்லாம் செம்பு நிறமா இருக்கு. எங்க பக்கம் பச்சையா இருக்குமே. இது வேற ஜாதிச் செடியா?”

“அப்பா நட்டது. எனக்கென்ன தெரியும்?”

“எங்கேருந்து கொண்டுவந்தார்?”

“அதை அவர்கிட்ட நாங்க கேக்கலையே. நீ அப்ப இந்த வீட்டுக்கு வரலை. வந்திருந்தா கேட்டிருப்ப.”

விசாரணை அரிவாளைக் கீழே வைத்தாள். நாற்பத்தொரு நாளும் மூடுபனியும்தான் காரணம் என்று எழுதி வைத்தாயிற்று. ஆனால் செடியே வேறாக இருந்தால்? ருசி நிழலால் வந்ததா, செடியால் வந்ததா? இரண்டும் சேர்ந்தா? அதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது.

நாத்தனார் மரத்து விதையில் பன்னிரண்டு நாற்றும், தன் மரத்து விதையில் பன்னிரண்டு நாற்றும் வளர்த்தாள். மழை தொடங்கியதும் நாத்தனார் நாற்றை வெயில் சரிவிலும், தன் நாற்றை நிழல் சரிவிலும் குழி தோண்டி நட்டார்கள். கணவர் ஜீப்பில் எரு கொண்டுவந்து இறக்கினார். குழியை மண் போட்டு மிதித்துக்கொண்டே நாத்தனார் கேட்டார்.

“காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?”

“நல்லபடியா வந்தா நாலு.”

“நாலு வருஷமா? அதுவரைக்கும் உன்னால பொறுக்க முடியுமா?”

“முடியாது அண்ணி. அதுக்காகத்தான் தினமும் வந்து பாத்துக்கலாம்னு இருக்கேன்.”

நத்தை தின்று இரண்டு நாற்று போய்விட்டது. மீதி இருபத்திரண்டும் இப்போது முழங்கால் உயரம் இருக்கின்றன.